உழாத காட்டில் மக்காச்சோளம்: முதல் பத்து சென்ட்

நெல்லில் நாலு குத்து போனால் பக்கத்துக் குத்து தூர் கட்டி இடத்தை நிரப்பிக்கொள்ளும். மக்காச்சோளம் அந்த வேலையைச் செய்யாது. முளைக்காத குழி அறுவடை வரைக்கும் வெறும் குழிதான். முளைத்தவற்றிலும் நாலைந்து நாள் பிந்தி வந்த செடி, பக்கத்துச் செடிகளின் நிழலில் மாட்டி, தண்டு மெலிந்து, சில சமயம் கதிரே கட்டாமல் நின்றுவிடும். ஆக, மகசூலில் பெரிய பங்கு விதை ஊன்றிய முதல் பத்து நாளிலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு யூரியா போட்டாலும் இல்லாத செடிக்குப் போட முடியாது.

இந்தக் கட்டுரை பெரம்பலூர், அரியலூர் பக்கம் போல ஆவணி, புரட்டாசியில் வானம் பார்த்து மக்காச்சோளம் போடுகிற கரிசல், செம்மண் காடுகளுக்கானது. அப்பா காட்டைக் கையில் எடுத்திருப்பவர், ஊருக்குத் திரும்பி விவசாயத்தில் இறங்குபவர், ரோட்டவேட்டர் வாடகையைப் பார்த்து மலைத்துப் போனவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். இறவைக் காட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

மூன்று விஷயம், ஒரு எச்சரிக்கை

பாதுகாப்பு வேளாண்மை என்று வேளாண் துறைக்காரர்கள் சொல்வதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மண்ணை முடிந்த அளவு கிளறாமல் விடுவது. மண்ணின் மேல் எப்போதும் ஒரு மூடாக்கு, அதாவது அறுத்த பயிரின் தட்டை, சருகு, தழை என்று ஒரு போர்வை இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல் பயறு வகைகளோடு மாற்றுவது.

இதில் பலர் முதலாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். உழவுச் செலவு மிச்சம் என்பதால் அது உடனே பிடித்துப் போகிறது. ஆனால் மூடாக்கு இல்லாமல் உழவை மட்டும் நிறுத்துவது இரண்டும் கெட்டான் வேலை. உழுத மண்ணில் மழையாவது கொஞ்சம் இறங்கும். உழாமலும் மூடாமலும் கிடக்கிற மண் மேலே இறுகி, பெய்த மழையை வரப்பு தாண்டி அனுப்பிவிடும். தட்டையைக் காட்டில் நிறுத்திவைக்க வழியில்லை என்றால் பழையபடி உழுதே விதையுங்கள், அதுதான் நல்லது.

ஆப்பிரிக்காவில் இந்த முறை கைமண்வெட்டியோடு வளர்ந்தது. 1980களில் ஜிம்பாப்வேயில் பிரையன் ஓல்ட்ரீவ் என்ற பண்ணைக்காரர் உழவை விட்டுவிட்டு, மூடாக்குப் போட்ட நிலத்தில் மக்காச்சோளம் போட ஆரம்பித்தார். பெரிய பண்ணையில் செய்ததைப் பிறகு மாடும் கலப்பையும் இல்லாத சிறு குடும்பங்களுக்கு ஏற்றபடி மாற்றினார். 2020இல் அந்த நாட்டு அரசே இதை ‘பும்வுட்சா’ என்ற பெயரில் திட்டமாக்கியது. 39 மீட்டருக்கு 16 மீட்டர் துண்டு, 52 வரிசை, வரிசைக்கு 28 குழி, மொத்தம் 1,456 குழி. நம் கணக்கில் 15 சென்ட்டுக்குச் சற்று மேல். அந்தத் துண்டை ஒழுங்காகச் செய்தால் ஒரு குடும்பத்தின் சாப்பாட்டுக்கு ஆகும் என்பது திட்டத்தின் கணக்கு. குழிகளை வெயில் காலத்திலேயே தோண்டி முடித்துவிடுவதுதான் இதில் சூட்சுமம். மழை வந்த பிறகு டிராக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். ஈரம் வந்ததும் விதைக்கலாம்.

நம் ஊர் கூலிக்கு ஏக்கர் கணக்கில் குழி தோண்டக் கட்டாது. அதனால் கீழே குழிக்குப் பதில் கோடு கிழிக்கும் வழியைச் சொல்கிறேன்.

எவ்வளவு நிலத்தில் தொடங்குவது

பத்து சென்ட். ஐந்து ஏக்கர் இருந்தாலும் பத்து சென்ட்தான். 20 மீட்டருக்கு 20 மீட்டர் அளந்து நாலு மூலையிலும் முளை அடித்துக்கொள்ளுங்கள். மீதிக் காட்டில் வழக்கம் போல உழுது விதையுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களும் நம்புவார்கள். மழைத் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தை இதற்கு எடுக்க வேண்டாம். கோரையும் அருகும் மண்டிக் கிடக்கிற இடமும் வேண்டாம். அவற்றை உழவில்லாமல் அடக்குவது புதியவர் வேலை அல்ல.

தை, மாசி: தட்டையைக் காப்பாற்றுவது

அடுத்த விதைப்புக்கான வேலை இந்த அறுவடையிலேயே தொடங்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்து முழு முறையிலும் கஷ்டமான வேலை இதுதான். தட்டைக்குப் போட்டி அதிகம்: மாடு, ஆடு, தீ, ரோட்டவேட்டர்.

மாடு இருக்கிற வீட்டில் தட்டை முழுவதையும் காட்டில் விடச் சொன்னால் சண்டைதான் வரும். ஒரு சமரசம் இருக்கிறது. மாடு விரும்பித் தின்பது மேல்பாதித் தட்டையையும் தோகையையும்தான். அடித்தண்டை முகர்ந்துவிட்டு மிதித்துப் போடும். கதிர் ஒடித்த பிறகு தட்டையை முழங்கால் உயரத்துக்கு மேலே அறுத்து மேல்பகுதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடித்தட்டையைக் காட்டிலேயே சாய்த்துப் போடுங்கள். அது போதாமல் போனால் வரப்போரப் புல், கிளுவை, கிளைரிசிடியா தழை, கடலைக் கொடி என்று எது கிடைத்தாலும் சேர்த்துப் போடலாம். விதை முற்றிய களையையும் பார்த்தீனியத்தையும் மட்டும் கொண்டுவந்து போடாதீர்கள்.

கதிர் அறுக்கும் இயந்திரம் ஓட்டினால் தட்டை நொறுங்கி ஒரு பட்டையாக விழும். அதை அன்றைக்கே கவைக்கோலால் பரத்திவிட்டால் வேலை முடிந்தது. ஒரு மழை நனைத்தபின் பரத்துவது இரட்டிப்பு வேலை.

ஆட்டுக்கிடை போடுகிற வழக்கம் இருந்தால் அதை விட வேண்டியதில்லை. இரண்டு இரவு கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குக் கிடைக்கும். தட்டையில் இலை கொஞ்சம் போகும், தண்டு நிற்கும். ஆனால் பகலில் யார் ஆடு வேண்டுமானாலும் மேயலாம் என்று விட்டால் சித்திரைக்குள் காடு வழித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் ஆடு மேய்ப்பவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. பத்து சென்ட்டுக்கு என்பதால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்புறம் தீ. பங்குனியில் யாரோ வரப்புக்குத் தீ வைப்பார்கள், காற்று அதைக் கொண்டுவந்து சேர்க்கும். துண்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்குச் சருகு இல்லாமல் செதுக்கி வையுங்கள்.

எவ்வளவு தட்டை வேண்டும்? ஏக்கருக்கு ஒரு டன் என்பது அடிமட்டக் கணக்கு, அதாவது உங்கள் துண்டுக்கு 100 கிலோ. அதற்கு இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. எடை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 10 மீட்டர் கயிற்றில் 20 செ.மீ.க்கு ஒன்றாக 50 முடிச்சுப் போடுங்கள். துண்டின் குறுக்கே மூலைவாட்டில் இழுத்துப் பிடித்து, எத்தனை முடிச்சுக்கு நேர் கீழே தட்டையோ சருகோ இருக்கிறது என்று எண்ணுங்கள். வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் மண் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இதை மூடாக்கு என்று சொல்ல முடியாது. ஆவணியில் விதைக்கிற அன்று இந்த அளவு இருக்க வேண்டும். தையில் போட்டதில் ஒரு பகுதியைக் கரையானும் வெயிலும் தின்றுவிடும் என்பதால் ஆரம்பத்தில் 60, 70 சதவீதமாவது மூடியிருக்கட்டும்.

சித்திரை: கோடை உழவு வேண்டுமா?

‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்று சொல்லி வளர்த்த ஊரில் உழாதே என்றால் சிரிப்பார்கள். கோடை உழவுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கோடை மழை மண்ணில் இறங்கும், களை காயும், மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழு வெயிலில் சாகும், பறவைகள் பொறுக்கும். மூடாக்கு இருக்கிற துண்டில் முதல் வேலையைத் தட்டை செய்துவிடும். மழைத்துளி நேரடியாக மண்ணில் அறையாததால் மேல்மண் இறுகாது, தண்ணீர் மெதுவாக இறங்கும். களையையும் புழுவையும் வேறு வழியில் பார்க்க வேண்டியிருக்கும், கீழே வருகிறேன். கரிசலில் இன்னொரு வசதி, கோடையில் அதுவே பாளம் பாளமாக வெடித்துத் தன்னைத் தானே உழுதுகொள்ளும்.

முதல் வருஷம் மட்டும் ஒரு சோதனை தேவை. ஒரு மழைக்குப் பிறகு, மண் ஈரமாக இருக்கும்போது, எட்டு எம்எம் கம்பி ஒன்றை நேராக அழுத்துங்கள். ஒரு சாண் ஆழத்தில் கல்லில் முட்டியதுபோல நின்றுவிட்டால் அங்கே கடினப்படுகை இருக்கிறது. வருஷக்கணக்கில் அதே ஆழத்தில் கலப்பையும் ரோட்டவேட்டரும் ஓடி ஓடி உண்டானது அது. அறுவடை முடிந்த ஒரு வேர்க்கட்டையைப் பிடுங்கிப் பாருங்கள். வேர்கள் கீழே போகாமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் அதே கதைதான். அப்படியானால் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். அது மண்ணைப் புரட்டாது. படுகையை மட்டும் கீறிவிடும். ஈரத்தில் ஓட்டினால் வழுவழுவென்று ஒரு கீறல் விழுவதோடு சரி, படுகை உடையாது. வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

படுகை இல்லையென்றால் உளிக்கலப்பையும் வேண்டாம்.

ஆடி: கோடு கிழித்து எரு வைத்தல்

காடு காய்ந்து கிடக்கும்போதே விதைக்கப்போகிற வரிசைகளை மட்டும் திறந்து வையுங்கள். 60 செ.மீ.க்கு ஒரு வரிசை. 20 மீட்டர் துண்டில் 33 வரிசை வரும். கயிறு பிடித்து, வரிசையில் இருக்கும் தட்டையை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஒரு கை அகலம், அரைச் சாணுக்குச் சற்று மேல் ஆழம் என்று கிழித்துக்கொண்டே போகலாம். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள் காலை வேலை. நிலம் பெரிதாகும்போது ஒன்பது கொத்துக் கலப்பையில் வேண்டாத கொத்துகளைக் கழற்றிவிட்டு, மூன்றை மட்டும் வரிசை இடைவெளிக்கு நகர்த்தி ஓட்டலாம். வரிசைக்கு நடுவில் இருக்கும் மண்ணைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

மக்கிய தொழுவுரத்தை மீட்டருக்கு அரைக் கிலோ கணக்கில் கோட்டுக்குள் போட்டு மண்ணைப் பாதி மூடுங்கள். காடு முழுக்க இறைத்தால் 500 கிலோ கேட்கிற இடத்தில், கோட்டில் வைத்தால் 330 கிலோவில் முடிகிறது. அதுவும் வேருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேப்பம் பிண்ணாக்கு இருந்தால் ஏக்கருக்கு 100 கிலோ, அதாவது இந்தத் துண்டுக்கு 10 கிலோ சேர்க்கலாம். மக்காச்சோளக் குருத்தைத் தின்னும் படைப்புழுவுக்காக வேளாண் பல்கலைக்கழகம் கடைசி உழவில் போடச் சொல்வது இதைத்தான். நமக்கு உழவு இல்லாததால் கோட்டில் போடுகிறோம்.

கோடு சரிவுக்குக் குறுக்காக ஓட வேண்டும். கரிசலில் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் கோட்டுக்குள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகும். அங்கே அகலப் பாத்தி போட்டு, பாத்தி மேல் விதைத்து, இரண்டு பாத்திக்கு நடுவில் ஒரு வடிகால் சால் விடுவது நல்லது. ஐதராபாத் பக்கம் இருக்கும் இக்ரிசாட் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1970களிலிருந்து கரிசல் மண்ணுக்குப் பரிந்துரைத்து வந்த வழி இது, சாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் அகலம். ஒரு தடவை போட்ட பாத்தியை வருஷா வருஷம் கலைக்காமல் வைத்துக்கொண்டால் அதுவே பாதுகாப்பு வேளாண்மைதான். டயர் எப்போதும் சாலில் மட்டும் ஓடட்டும்.

விதை

வீரிய ஒட்டு ரக விதை என்றால் ஏக்கருக்கு 8 கிலோ, உங்கள் துண்டுக்கு 800 கிராம் போதும். பை மேலே முளைப்புத் திறன் 90 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அது சோதனைச் சாலையில் பார்த்தது. கடையில் தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மாதம் கிடந்த பிறகு என்ன ஆனது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். 100 விதையை எண்ணி, நனைத்த சணல் சாக்கில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளியுங்கள். ஐந்தாம் நாள் பிரித்து, வேரும் குருத்தும் இரண்டும் திடமாக வந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். 90க்கு மேல் சரி. 80 என்றால் கொஞ்சம் கூடுதலாக விதை வாங்க வேண்டும். 70 என்றால் ரசீதோடு கடைக்குப் போங்கள்.

நிறம் பூசி வரும் விதையில் பூஞ்சாணக்கொல்லியோ பூச்சிமருந்தோ ஏற்கெனவே இருக்கிறது. கழுவாதீர்கள், ஊற வைக்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சோதனைக்கு எடுத்த விதையைக் கோழிக்குப் போடாதீர்கள். அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் கலப்பதென்றால் கடைசியாக, விதைப்பதற்குச் சற்று முன்னால், ஆறிய கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்திக்கொள்ளலாம்.

விதைக்கும் நாள்

முதல் தூறலைப் பார்த்து விதையை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம். மக்காச்சோள விதை முளைக்கத் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரைக் குடிக்க வேண்டும். பத்து மில்லிமீட்டர் மழை மேல்மண்ணை மட்டும் நனைக்கும். விதை குடித்து, உப்பி, முளை விட ஆரம்பிக்கும்போது மண் காய்ந்துவிடும். முளை விட்ட விதை ஒரு முறை காய்ந்தால் அடுத்த மழைக்கு எழுந்திருக்காது.

அதனால் மண்வெட்டியால் ஒரு கொத்து தோண்டிப் பாருங்கள். மேலிருந்து வரும் ஈரம் ஒரு சாண் ஆழம் வரைக்கும் அறுபடாமல் இருக்க வேண்டும். நடுவில் காய்ந்த அடுக்கு தெரிந்தால் இன்னொரு மழைக்குப் பொறுங்கள். ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், கட்டை விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுத்தால் ஒரு நாள் ஆறவிடுங்கள். அந்த நிலையில் கரிசலில் கால் வைத்தால் மிதித்த இடமெல்லாம் இறுகும். மூடாக்கு இருக்கும் துண்டில் இந்தப் பதம் பக்கத்து வெறும் காட்டைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்கும். உழவில்லா முறையில் முதல் பலனைப் பார்ப்பது இங்கேதான்.

பதம் வந்துவிட்டது. இப்போது விதைக்கும் விதம்:

வரிசையில் விதை விழும் இடத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தட்டை இல்லாமல் சுத்தமாக ஒதுக்குங்கள். இதை அசட்டையாகச் செய்தால் தட்டைத் துண்டு விதையோடு குழிக்குள் போய்விடும். விதை மண்ணைத் தொடாமல் தட்டை மேல் உட்கார்ந்து முளைக்காது. உழாத காட்டில் முளைப்பு குறைவதற்குப் பாதிக் காரணம் இதுதான், பழி மட்டும் உழவில்லாமைக்குப் போகும்.

ஆழம் 4 முதல் 5 செ.மீ. ஆள்காட்டி விரலின் இரண்டு கணு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலாக ஊன்றினால் சீக்கிரம் வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. வராது, மேல்மண் முதலில் காயும். அதைவிட முக்கியம், எல்லா விதையும் ஒரே ஆழத்தில் இருப்பது. ஊன்றுகோலில் 5 செ.மீ.க்கு ஒரு ஆணி அடித்து வைத்தால் வேலைக்கு வருகிற அம்மாக்களுக்கும் உங்களுக்கும் வாக்குவாதம் இருக்காது.

வரிசைக்குள் 25 செ.மீ.க்கு ஒரு குழி, குழிக்கு ஒரு விதை. முளைப்புச் சோதனையில் குறைவாக வந்திருந்தால் மட்டும் ஒன்று விட்டு ஒரு குழிக்கு இரண்டு போட்டு, பிறகு கலைத்துக்கொள்ளலாம்.

அடியுரம் விதையைத் தொடவே கூடாது. டிஏபியோ யூரியாவோ பக்கத்தில் இருந்தால் விதைக்குப் போக வேண்டிய தண்ணீரை உரம் இழுத்துக்கொள்ளும், அமோனியா முளையைக் கருக்கும். விதையிலிருந்து நாலு விரல் தள்ளி, விதையைவிடக் கொஞ்சம் ஆழத்தில் உரம் போகட்டும். அளவு மண் பரிசோதனை அட்டையில் இருக்கும்.

மண்ணை மூடியதும் குதிகாலால் ஒரு மிதி, லேசாக. விதையும் மண்ணும் ஒட்டினால்தான் ஈரம் ஏறும். ஒதுக்கிய தட்டையை விதை மேலே திரும்பப் போட வேண்டாம். முளை வந்து ஒரு கை உயரம் ஆனதும் செடிக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டால் போதும்.

முதல் பத்து நாள்

நம் வெப்பத்துக்கு ஐந்து ஆறு நாளில் முளை மேலே வரும். அதுவரைக்கும் மயிலைக் காவல் காக்க வேண்டும். வரிசையைப் பார்த்துக் கிளறும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. விடிகாலையிலும் சாயங்காலமும் யாராவது காட்டில் இருப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வரிசை மேல் பளபளக்கும் நாடா கட்டினால் முதல் சில நாளைக்குப் பயப்படும், பிறகு பழகிவிடும்.

எட்டாம் நாள் எண்ணிப் பாருங்கள். 22 அடி கயிறு ஒன்றை வரிசையோடு போட்டு, அந்த நீளத்தில் இருக்கும் செடிகளை எண்ணினால், 60 செ.மீ. வரிசைக்கு அது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 27 செடி இருந்தால் முழு முளைப்பு, ஏக்கருக்கு 27,000. 24 இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஐந்தாறு இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள், உழுத காட்டிலும் அதேபோல எண்ணி எழுதிவையுங்கள்.

முளைக்காத இடத்தில் சும்மா வருத்தப்படாமல் விரலால் தோண்டிப் பாருங்கள். மண் காரணத்தைச் சொல்லிவிடும். விதை போட்டபடியே காய்ந்து கடினமாக இருந்தால் ஈரம் சேரவில்லை, அல்லது அடியில் தட்டை இருக்கும். உப்பி, கொழகொழவென்று நாறினால் தண்ணீர் தேங்கியிருக்கிறது அல்லது விதை பழையது. முளை வந்து, நுனி பழுப்பாகக் கருகியிருந்தால் உரம். குருத்து மண்ணுக்குள்ளேயே சுருண்டு, இலை அங்கேயே விரிந்து வெளிறிக் கிடந்தால் மேல்மண் இறுகியிருக்கிறது, அல்லது கட்டிக்கு அடியில் மாட்டியிருக்கிறது, அல்லது ஆழம் அதிகம். செம்மண்ணில் விதைத்த மறுநாளே மழை ஒரு சாத்து சாத்தி, பிறகு வெயில் அடித்தால் இப்படி ஆகும். முள் மண்வெட்டியால் மேல் ஓட்டை மட்டும் லேசாக உடைத்துவிட்டால் பாதியைக் காப்பாற்றலாம். விதையே இல்லை, தோல் மட்டும் கிடக்கிறது என்றால் எலியோ மயிலோ, காலடியைப் பாருங்கள்.

விதைத்து எட்டு நாளுக்குள் இடைவெளியில் திரும்ப விதை போடலாம். அதற்குப் பிறகு போட்டால் அந்தச் செடி நிழலில்தான் வளரும். மற்றவை மகரந்தம் கொட்டி முடித்த பிறகுதான் அதன் கதிரில் பட்டு, அதாவது மகரந்தம் பிடிக்கும் நூலிழை, வரும். பிந்திவிட்டால் அந்த இடத்தில் உளுந்தோ தட்டைப்பயறோ போட்டுவிடுங்கள்.

ஆறு இலை வரும் வரைக்கும் செடியின் வளர்நுனி மண்ணுக்குள்தான் இருக்கும். அதனால் ஆடு ஒரு கடி கடித்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் அதே காரணத்தால் இந்தப் பருவத்தில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் நின்றால் தாங்காது. வடிகால் திறந்திருக்கிறதா என்று மழையோடு மழையாகப் போய்ப் பாருங்கள்.

களை, மஞ்சள், புழு

உழவை விட்டவர்கள் திரும்ப உழவுக்கே போவதற்குப் பெரும்பாலும் களைதான் காரணம். முதல் இரண்டு வருஷம் களை கூடுதலாகவே இருக்கும், அதை மறைக்க ஒன்றுமில்லை. விதைத்த 15ஆம் நாளிலிருந்து 40ஆம் நாள் வரைக்கும் காடு சுத்தமாக இருக்க வேண்டும். பத்து சென்ட்டில் கைக்களை இரண்டு முறை போதும். கொத்துவதைவிட மேலோடு செதுக்குங்கள். செதுக்கியதை அங்கேயே மூடாக்கோடு சேர்த்துவிடுங்கள். எந்தக் களையும் விதை கட்ட விடாதீர்கள், அறுவடைக்குப் பிறகும் கூட. அடுத்தடுத்த வருஷங்களில் வேலை குறைவதற்கு இதுதான் வழி. களைக்கொல்லி அடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஊடுபயிராகப் பயறு போட்டால் அட்ரசின் ஆகாது, பயறு செத்துப்போகும். அடர்ந்த மூடாக்கில் மருந்து தட்டையிலேயே தங்கி மண்ணுக்குப் போய்ச் சேராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இருபது நாள் பயிர் வெளிறி மஞ்சளாக நின்றால் பயப்பட வேண்டாம். மக்காச்சோளத் தட்டையில் கார்பன் அதிகம், தழைச்சத்துக்கு ஏறக்குறைய 60 பங்கு. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், பயிர் பட்டினி கிடக்கும். 25ஆம் நாள் போட வேண்டிய மேலுரத்தை ஐந்தாறு நாள் முன்னதாகப் போடுங்கள். தட்டை மேல் இறைக்காமல் செடிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் வையுங்கள். முதல் வருஷம் அடியுரத்திலேயே தழைச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் இந்த மஞ்சளே வராது.

படைப்புழு 2018இல் கர்நாடகம் வழியாக வந்து, அந்த வருஷமே பெரம்பலூர், அரியலூர் காடுகளைப் படாதபாடு படுத்தியது. அதன் கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும். உழாவிட்டால் பெருகாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கிழக்கு ஜிம்பாப்வேயில் சிறு விவசாயிகளின் காடுகளில் பார்த்தபோது, உழாத காட்டில் பாதிப்பு குறைவாகவே இருந்திருக்கிறது. மூடாக்கில் குடியிருக்கும் எறும்பு, சிலந்தி, தரைவண்டு போன்றவை புழுவைத் தின்பது ஒரு காரணமாக இருக்கலாம். இதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. முளைத்த வாரத்திலிருந்தே குருத்தைப் பாருங்கள். இலையில் சன்னல் போலச் சுரண்டிய பச்சையற்ற புள்ளிகள் தெரிந்தால் புழு சின்னதாக இருக்கிறது என்று அர்த்தம், அப்போது அடிக்கிற மருந்துதான் வேலை செய்யும். குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம் தெரிந்த பிறகு அடிப்பது காசைக் கரைப்பது. வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும்.

அடுத்த பயிரும் மண்ணும்

மக்காச்சோளம் மேல் மக்காச்சோளம் போட்டால் மூடாக்கோடு சேர்த்து நோயும் தங்கும். இரண்டு வரிசைக்கு நடுவில் உளுந்து ஊடுபயிராகப் போடுவது சுலபமான வழி. 65, 70 நாளில் உளுந்து வந்துவிடும், அதன் கொடி அங்கேயே மூடாக்காகும். கரிசலில் ஈரம் மிச்சமிருந்தால் அறுவடைக்குப் பிறகு கொள்ளு தூவிவிடலாம். தட்டைக்கு நடுவிலேயே முளைத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் அந்தத் துண்டில் துவரையோ பருத்தியோ போட்டு, அதற்கடுத்த வருஷம் மக்காச்சோளத்துக்கு வரலாம்.

முதல் வருஷ மகசூல் உழுத காட்டைவிட அதிகமாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சமமாக வந்தாலே, உழவுச் செலவு மிச்சம். மழை சரியாகப் பெய்த வருஷத்தில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். நடுவில் பதினைந்து நாள் மழை ஏமாற்றிய வருஷத்தில்தான் இரண்டு துண்டுக்கும் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். உழுத காட்டில் தோகை மத்தியானமே சுருண்டு நிற்கும்.

மண்ணில் மாற்றம் வருகிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறை, அதே மாதத்தில், இரண்டு துண்டிலும் பாருங்கள். கோழிமுட்டை அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றை இரண்டு துண்டிலிருந்தும் எடுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளர்களில் மெதுவாக விடுங்கள். மக்கிய சத்து இல்லாத கட்டி நொடியில் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். வேரும் பூஞ்சை இழையும் பிணைத்து வைத்த கட்டி ஐந்து நிமிஷம் கழித்தும் உருவம் மாறாமல் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, இரண்டு பக்கமும் வெட்டிய பால்பவுடர் டப்பாவை மண்ணில் மூன்று விரல் ஆழத்துக்குத் தட்டி இறக்கி, அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பது. தட்டையை விலக்கினால் மண்புழு எச்சம் குருணைக் குருணையாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு மூன்று வருஷத்தில் இந்த மூன்றிலும் பத்து சென்ட் முந்தினால், அரை ஏக்கருக்குப் போகலாம். போவதற்கு முன்னால் அரை ஏக்கருக்குத் தேவையான தட்டை எங்கிருந்து வரும் என்பதை மாடு வைத்திருப்பவரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். உளிக்கலப்பை வாடகையைப் பற்றி அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.